முகம் சிவந்தால் சாக்ஸ்

சரவணம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்த புருஷன் பிரான்சிஸிடம் பேசப் பிடிக்காமல், மெர்சி சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

“ஏனுங்க, அரிசிம்பருப்பு சோறு குக்கர்ல இருக்குது. கிருபாவுக்குக் கொழையப் பிசைஞ்சு குடுங்க. உங்கக்கா வந்ததும் காலு ஐஸாட்டம் இருக்குதுன்னு புள்ளையக் கம்பளில சுத்துவாங்க, உட்றாதீங்க. காலுக்குத்தான் ஊட்டி, தலைக்கு உக்கடத்து வெயிலுன்னு சொல்லுங்க. ஃபேனும் ஓடோணும், சாக்ஸும் இருக்கோணும். அவ மூச்சப் புடிச்சுக்கிட்டாள்னா பதறாதீங்க, டாக்டர் சொன்னாப்புல செய்யுங்க.”

எட்டு வயது மகள் கிருபாவுக்கு அபூர்வமான நரம்பு நோய். சூடு, வேர்வை, மூச்சு என்று உடம்பு தானாகப் பார்த்துக்கொள்ளும் வேலையையெல்லாம் பெற்றவர்கள்தான் கண்காணிக்க வேண்டும். அவள் முகம் சிவந்தால் பாதம் சில்லிட்டிருக்கும். உடனே சாக்ஸ் மாட்ட வேண்டும்.

அந்தப் பழக்கம்தான் நேற்று வினையாகிவிட்டது. அக்கா வருவதை முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று மெர்சி முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ் எழுந்து ஓடினான். கிருபாவின் முயல் படம் போட்ட சாக்ஸைக் கொண்டுவந்து, கத்துகிறவளின் காலில் இழுத்து இழுத்து மாட்டினான். மாட்டி முடித்த பிறகுதான் அது யார் கால் என்று நிமிர்ந்து பார்த்தான். அதிலிருந்து மெர்சி பேசவில்லை.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

“முயல் சாக்ஸைத் தேடாதீங்க, என் கால்ல இருக்குது. மொகம் இன்னும் செவந்துதானுங்க இருக்குது.”