வலப்பனையில் கிடைத்த ஆட்டோ

திருட்டுப்போன தன் ஆட்டோவைத் தேடி விடியுமுன்பே போன யோகராஜ் இன்னும் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவன் மனைவி சண்முகவடிவு, ரொட்டித் தட்டின் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்.

தனுஜாப்பா,

ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். சாப்புடுங்க. புள்ள தனுஜா பக்கத்து வீட்டுக் காம்பராவில இருக்கா.

ஒங்களுக்குப் போன் எடுத்தா கெடைக்கலன்னு பொலிஸ்ல இருந்து எனக்குப் பேசுனாங்க. ஆட்டோ கெடச்சிருச்சு. வலப்பனையில ஒரு கராஜ்ல டயர், சீட்டெல்லாம் கழட்டி வச்சிருந்தாங்களாம். திருடுன ரெண்டு பேரையும் புடிச்சிட்டாங்க. வெளியூர்க்காரங்க. எந்தம்பி சுதாகர் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதாம்.

"ஆட்டோ சாவி இருக்கிற எடம் இவனுக்கு மட்டுந்தான் தெரியும்"னு ஆட்டோ ஸ்டாண்டுல அத்தன பேர் முன்னுக்கு நீங்கதான் அவனக் காட்டுனீங்க. மொத அடியும் ஒங்களோடதுதான். "மச்சான், நா எடுக்கல"ன்னு அவன் கத்துனது மேல்லயத்து வீடுக வரைக்கும் கேட்டுச்சு.

ஒங்க கை வீக்கம் இன்னும் வத்தல. தைலம் ஜன்னல்ல இருக்கு, தடவிக்கங்க.

தம்பிக்கு இன்னும் நெனவு வரல. ஆஸ்பத்திரிப் பக்கம் வராதீங்க. எங்கம்மா ஒங்களப் பாத்தா தாங்க மாட்டாங்க.

வடிவு

அவள் படியிறங்கும்போது போன் அடித்தது. அம்மாதான். கேட்டு முடித்துவிட்டு மறுபடி படியேறினாள். பிறகு உள்ளே வந்து, சீட்டின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

சுதாகர் போயிட்டான். இதப் பாத்ததும் வாங்க. அவனத் தூக்கிட்டு வர எங்க வீட்டுல வேற ஆம்பள இல்ல.