ஊதா இரவு

போலோஞா,
பிப்ரவரி 1974

அன்புள்ள லிவியோ,

நானும் உன் தங்கை நீவெஸும் சுகம். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. கம்பளி மேலங்கியை மறந்துவிட்டுப் பிரஸ்ஸல்ஸ் போனாய். அங்கே யாராவது வேறு வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

நீ வரைந்து அனுப்பிய சித்திரக்கதைப் புத்தகம் வந்தது. நம் கடைகளில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் புத்தகமா அது! கெட்டி அட்டை, பக்கமெல்லாம் வர்ணம். நீவெஸ் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நான் துறைமுக இரவுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

நம் ஊரில் அபூர்வமாய் வர்ணம் போட்டாலும், இரவென்றால் பக்கம் முழுக்க நீலம், நிழலென்றால் கறுப்பு மை, தீர்ந்தது வேலை. இதில் வானம் ஊதா, தண்ணீர் பழுப்பு கலந்த பச்சை. பொழுதும் மனசும் வர்ணத்திலேயே தெரிய வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், அதைக் கற்றுக்கொண்டு நானே பூசினேன் என்று எழுதியிருந்தாய்.

யார் காதில் பூ சுற்றுகிறாய்? பச்சைக்கும் பழுப்புக்கும் உனக்குப் பேதம் தெரியாது. காலுறையைக்கூட நான்தான் ஜோடி சேர்த்துத் தருவேன். நீ வரைந்த கோடுகளை வர்ணம் பூசுவதற்காக வெளிர்நீலத்தில் அச்சடித்த தாள்கள் என்னிடம் வருமென்று குளிர்காலம் முழுக்கத் தபால்காரரைப் பார்த்திருந்தேன்; ஒன்றுகூட வரவில்லை. கதாநாயகி முகம் என் முகம் என்றாயே, என் செம்பட்டைக் கூந்தல் அவளுக்கு ஏன் பொன்னிறமாயிற்று?

சந்தேகப் பிசாசு என்று நீவெஸ் என்னைத் திட்டினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நேற்று உன் பதிப்பாளர் வெர்லிண்டன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க ஊர்லயும் புருஷன் வரைவான், பெண்டாட்டி வர்ணம் பூசுவா. புத்தகத்துல உங்க பேரு போடலன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த ஊதா ராத்திரி உங்க கைன்னு லிவியோ சொன்னாரு. தாள் குடுத்த மூணாம் நாளே பூசி வந்துடுது, உங்க ஊர் தபால் பிரமாதம்" என்றார்.

இத்தாலியத் தபாலை ஒருவர் புகழ்ந்து நேற்றுதான் கேட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவரிடம் நன்றி என்று மட்டும் சொன்னேன். அடுத்த புத்தகத்துக்கும் என் கையே வேண்டுமாம். சரி என்றுவிட்டேன்.

தாள்களைத் தபாலில் போடாதே. ஈஸ்டருக்கு நீயே கொண்டு வா. வர்ண டப்பாக்களில் மறுபடி பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். எது பச்சை, எது பழுப்பு என்று நீ வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் மனைவி,
ஃபியோரென்சா