பார்த்துவிட்டுச் சொல்லாதது

அக்கா,

நேற்று விளக்கேற்றும் நேரத்தில் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த மகள் செல்வி. படத்திலிருக்கும் பெருமாளையும் சேர்த்தால் நான்கு. எதையும் எண்ணிவைக்கிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்.

செல்வி ஒரு தாளை நீட்டினாள். கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்து, யாருக்கு என்ன குணம் என்று கண்டுபிடிக்கிறார்களாம். நானாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் அல்லவா, அவளுக்கு வந்த முடிவை வரிவரியாகப் படித்தேன். அதிகம் பேச மாட்டார். தனியே இருக்க விரும்புவார். எல்லாவற்றையும் கவனிப்பார். என்னைப் பார்க்காமலே என்னை எழுதியிருந்தார்கள்.

"இதுக்கு இன்னாத்துக்கு பரீட்ச? என்ன கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அம்மாவும் பொண்ணும் வாயத் தொறக்கறதே கொட்டாவி உடத்தான்" என்றார் அவர்.

செல்வி சிரிக்கவில்லை. "லைன் லீடரா போடறேன்றாங்கம்மா. முப்பது பேர வேல வாங்கணும். நான் உன்ன மாரிதான? வேணாம்னு சொல்லிடட்டா?"

'கவனிப்பார்' என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. அதற்குள்ளிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

புரட்டாசி சனிக்கிழமை, ஆரம்பாக்கத்துக் கோயிலில் அன்னதானம். வாளியோடு நீங்கள் நடந்தால் புளியோதரை வாசனைக்கு முன்னால் உங்கள் குரல் வரும். "எம்மா, பந்தியில குந்திகினு மாமியார் கத பேசாதீங்க, பின்னாடி நூறு மாமியாருங்க பசியோட நிக்கிறாங்க!" கடைசி இலைக்குக் குழம்பு போகவில்லை என்று தூணோரம் நின்று நான் கண்ணால் காட்டுவேன். ஊற்றிவிட்டு வந்து சொல்வீர்கள்: "நீ கண்ணு, நான் வாயி. பெருமாளு ஒரு மூஞ்சிய ரெண்டு ஊட்ல வச்சிட்டாரு."

கடைசிப் புரட்டாசியில் எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நீங்கள்தான். ஆனால் வாளியை இறக்கிவிட்டு மூன்று முறை சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. பார்த்தேன். மூன்று என்று எண்ணவும் செய்தேன். நீங்களாகச் சொல்லாததை நான் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். பத்தாம் நாள் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் திரும்பவில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை உங்கள் மகன் சொல்லிச் சொல்லி அழுதான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மதியம் கண் அசந்தால் வருகிறீர்கள். நீளமான பந்தி. இலைகள் தண்டவாளம் போல ஆந்திரா பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் சத்தம் போட்டுப் பரிமாறுகிறேன். நீங்கள் தூணோரம் பேசாமல் நிற்கிறீர்கள். இருவருக்குமே அது புதிதாகத் தெரிவதில்லை.

செல்வியிடம் என்ன சொல்ல? முப்பது பேருக்குக் கவனிக்கிறவள்தான் வேண்டும், போ என்று சொல்ல ஆசை. ஆனால் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும் என்று அவளுக்குப் புரியவேண்டுமானால், நீங்கள் சுவரைப் பிடித்ததை நான் சொல்லியாக வேண்டும். பெரியம்மா என்று உங்கள் மடியில் வளர்ந்தவள். கேட்டபின் என்னை எப்படிப் பார்ப்பாளோ. பெருமாளிடம் கேட்டுப் பார்த்தேன். அவரும் என்னைப் போலத்தான், பார்க்கிறார், பேசமாட்டேன் என்கிறார்.

சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. நாளை அவள் கம்பெனியில் முடிவைச் சொல்லியாக வேண்டும், காலை ஆறரைக்குப் பஸ் வந்துவிடும். அதற்குள் பதில் சொல்லுங்கள், அக்கா.