முப்பத்தைந்து வினாடிகள்

செப்டம்பர் 28, சனி

நேற்றும் தோற்றோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் கடிகாரத்தை நிறுத்த ஒரு பாதி ஆட்டத்துக்கு மூன்று டைம்-அவுட்தான் தருவார்கள். கடைசிக் கால்பகுதி தொடங்கும் முன்பே அப்பா மூன்றையும் செலவழித்துவிட்டார். முடிவில் பந்து எங்களிடம் இருந்தது. கடிகாரத்தை நிறுத்தத்தான் வழியில்லை.

காலையில் தீவனக் கடையில் கூசெரா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன கோச், பொறந்தநாளைக்கு ஒரு வாட்ச் வாங்கித் தரட்டுமா?" அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கூசெராதான் பள்ளிக் குழுவின் தலைவர். அப்பா கோச்சாக நீடிப்பதா வேண்டாமா என்று நவம்பரில் அந்தக் குழுதான் வாக்களிக்கும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

விதிப்புத்தகம் முழுவதையும் படித்தேன். நன்றாகவே இருக்கிறது, ஆனால் வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். முன்னிலையில் இருக்கிற அணி பந்தை வாங்கி மண்டியிட்டால் போதும், அடுத்த பந்து வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பந்துக்கு நாற்பது வினாடி அவகாசம், தாண்டினால் தண்டனை; மொத்தம் நாலு வாய்ப்பு. அப்படியானால் எத்தனை வினாடி மீதமிருக்கும்போது மண்டியிடத் தொடங்கலாம்? எதிரணியிடம் ஒரு டைம்-அவுட் இருந்தால்? இரண்டு இருந்தால்? அட்டவணையாகப் போட்டு அட்டையில் எழுதினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"டெஸ், நீயே என் பக்கத்துல நின்னுக்கோ. எனக்கு அந்த நேரத்துல மூளையே ஓடல."

அக்டோபர் 5, சனி

அட்டை வேலை செய்தது! ஜெயித்தோம்.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டு வாரம் தொடர்ந்து வெற்றி. அப்பா நாலு மணி நேரம்தான் தூங்குகிறார். இன்று மிளகாய்க் குழம்பும் பட்டை தூவிய இனிப்பு ரோலும் செய்திருந்தாள் அம்மா. அவருக்குப் பிடித்தது, தொடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கண்ணாடியப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

அக்டோபர் 26, சனி

எழுதத்தான் வேண்டுமா?

நேற்று வென்றிருந்தால் அடுத்த சுற்று. பதினேழுக்குப் பதினாலு, நாங்கள் முன்னிலை. ஒரு நிமிடம் இருபத்திரண்டு வினாடி மீதம், பந்து எங்களிடம், அவர்களுக்கு ஒரே டைம்-அவுட். அட்டையைப் பார்த்தேன். "போதும்பா, மண்டி போடச் சொல்லுங்க."

மூன்று முறை மண்டியிட்டார்கள். அப்போது எங்கள் கஸ் தொடை பிடித்துக்கொண்டு விழுந்தான். நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். முப்பத்தைந்து வினாடி மீதம். கஸ்ஸை வெளியே தூக்கி வந்ததும் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"நாற்பது இருக்கு, முப்பத்தஞ்சுதான் மிச்சம். பந்தைத் தொடவே வேணாம்பா, சும்மா நின்னா முடிஞ்சிடும்." நான்தான் சொன்னேன். அப்பா கத்தினார்: "யாரும் அசையாதீங்கடா!"

நின்றார்கள். பின்வரிசைப் பையன்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். பத்து வினாடி மீதமிருக்கும்போது நடுவர் மஞ்சள் துணியை வீசினார். தாமதம் என்று தண்டனை, கடிகாரமும் நின்றது. எங்கள் ஆள் காயப்பட்டு ஆட்டம் நின்றால் நாற்பது கிடையாது, இருபத்தைந்துதான். அது புத்தகத்தில் இருக்கிறது. படித்தேன். அட்டையில்தான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எங்கள் ஆள் விழுவான் என்று தோன்றவேயில்லை.

நாலில் கடைசி வாய்ப்பு. பந்தைத் தூர உதைக்க ஓடி வந்து நின்றார்கள், பாதிப் பேருக்குத் தங்கள் இடம் எதுவென்றே தெரியவில்லை. பின்னால் எறிந்த பந்து உதைப்பவன் தலைக்கு மேலே போனது. எதிரணிப் பையன் எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்குள் ஓடினான். ஆறு புள்ளி, தோற்றோம்.

அக்டோபர் 27, ஞாயிறு

செய்தித்தாளில் அப்பா: "விதியை மறந்தது நான்." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்பா, அது பொய்."

"சாப்பிடு டெஸ்."

நவம்பர் 11, திங்கள்

குழுக் கூட்டம். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். அப்பாவிடம் சொல்லாமல் பெயர் கொடுத்தேன். அட்டையைத் தூக்கிக் காட்டி, தப்பு என்னுடையது, அவரைத் தண்டிக்காதீர்கள் என்றேன். கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். அட முட்டாளே.

கூசெரா கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கேலி இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்போ ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு சொன்னதக் கேட்டா டீம நிக்க வச்சீங்க, டேல்?"

"ஆமா," என்றார் அப்பா.

நீக்க நாலு ஓட்டு, வேண்டாமென்று இரண்டு. பாடம் நடத்தலாம், கோச் வேலை இல்லை. நான் பேசுவதற்கு முன் மூன்றுக்கு மூன்று, சமனானால் நீக்க முடியாது என்றுதான் ஊரில் பேச்சு. அந்த ஒரு ஓட்டு என்னால் போனது.

வண்டிவரை அழுதுகொண்டே வந்தேன். "உண்மையத்தான சொன்ன," என்றார் அப்பா. "பெல்ட்டப் போடு."

ஆகஸ்ட் 29, வெள்ளி

புது சீசனின் முதல் ஆட்டம். புது கோச் ஒமாஹா நகரத்துக்காரர். அப்பா பள்ளி முடிந்து பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனார். ஏழு மணிக்கு மைதானத்து மேளச் சத்தம் வீட்டுக்குள் வந்தது.

"எழுப்பட்டுமா?"

"வேணாம்," என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

நடுவில் ஒருமுறை குறட்டை நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். புரண்டு படுத்தார், அவ்வளவுதான். நான் ஷூக்களை மெல்லக் கழற்றி வைத்தேன்.