மேற்குச் சுவர்த் தகடுகள்

புதன்கிழமை, இரவு.

மேற்குச் சுவரை மழைக்கு மறைத்திருந்த தகரத் தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. ஈரம் உள்ளே இறங்கி, அந்தச் சுவரோரம் படுக்கும் மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. தகடு மாற்றுவதென்றால் ஏணியை ஓரகத்தி சரசக்காவின் வாசலில்தான் வைக்க வேண்டும். பாகம் பிரித்தபோது வந்த சண்டைக்குப் பிறகு நான்கு வருடமாகப் பேச்சில்லை. இவர் போய்க் கேட்க மாட்டேன் என்றுவிட்டார். காலையில் நானே போய் நின்றேன்.

அக்கா கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். கயிற்றையும் அவிழ்த்தார். ஏணிக்கு இடம் கிடைத்தது.

பழைய தகடுகளைக் கழற்றியதும், சுவர் கறுத்து ஊறிப்போயிருந்தது தெரிந்தது. அக்கா வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இத்தன ஈரத்துலயா அம்மிணி புள்ளயப் படுக்க வெச்சிருந்தே?"

"ஆமாங்கக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

உடனே புதுத் தகடு அடிக்க ஏறிய ஆளை அவரே நிறுத்தினார். இரண்டு நாள் வெயிலில் சுவர் காயட்டும், அதுவரை பிள்ளை தன் வீட்டில் படுக்கட்டும் என்று சொல்லி, சாயங்காலம் அவளைக் கூட்டிப் போனார்.

சற்று முன் திரும்பவும் வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"படுக்கறப்போ புள்ள பாலு குடிப்பாளா அம்மிணி? நாலு வருசத்துல எனக்கு ஒண்ணுந் தெரியலயே."

சர்க்கரை போடாமல் குடிப்பாள் என்றேன்.