சலாலா ரோட்டில் நின்ற கார்

தென்காசி
8-8-2025

மாப்பிள்ளை லிங்கேஸ்வரனுக்கு, மாமா நல்லகண்ணு எழுதுவது.

போன சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, சலாலாவிலிருந்து மஸ்கட் திரும்பும் வழியில், தும்ரைத் என்ற ஊரைத் தாண்டியதும் உங்கள் கார் நின்றுவிட்டது. முதலில் ஏ.சி. போனது. பிறகு உங்கள் முன்னால் இருந்த விளக்கெல்லாம் மொத்தமாக எரிந்து மொத்தமாக அணைந்தது. கண்ணாடியைக்கூட இறக்க முடியவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, நாற்பத்து நாலு டிகிரி வெயிலில், ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான என் மகள் அபர்ணா இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையை வாய்விட்டு வைவது நம் பக்கத்தில் வழக்கம் இல்லை. பேனாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி என் கடைப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். அபர்ணாவுக்குக் காட்ட வேண்டாம்.

வண்டி நின்றதற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை. இயந்திரம் என்றால் நிற்கத்தான் செய்யும். நீங்கள் இறங்கி பானட்டைத் தூக்கிப் பார்த்தீர்கள், டப்பென்று மூடினீர்கள், ஐம்பது அடி தள்ளிப்போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். மூன்று தடவை கூப்பிட்டேன், "மாப்ள, என்னன்னு பாத்தியளா?" என்று. திரும்பவே இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்து அபர்ணா தலையில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நின்ற காரை இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டியில் வந்த அப்துல் மஜீது, நம் வடகரைக்காரப் பிள்ளை, அவன்தான் என்னோடு நாலு வார்த்தை பேசினான். "அண்ணாச்சி தென்காசியா! மொகத்தப் பாத்ததும் நெனச்சேன்லா" என்றான். உள்ளே பார்த்துவிட்டு, "கரண்டு பூராவும் செத்துக் கெடக்கு. தண்ணிக்குள்ள எறக்கினியளா?" என்று அவன் கேட்டதற்கு, "ஆமா, நேத்து ஓடைல எறக்கிட்டேன்" என்று நீங்களே சொன்னதை என் காதால் கேட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் சாப்பாடு வாங்கப் போனீர்களே, அப்போதா? கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டிய வண்டியை ஓடையில் விட்டு விளையாடுவார்களா? விளையாடிவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டீர்களா? அதனால்தான் பதினோராம் தேதி டிக்கெட்டை மாற்றி நாலாம் தேதியே கிளம்பி வந்தேன். உங்கள் அத்தை மூக்கம்மாளிடம் கடையில் அவசர வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நல்லகண்ணு


மஸ்கட்
10-8-2025

மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நடந்தது தப்புதான். அன்று நான் பேசாமல் நின்றதும் தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் அபர்ணாவை இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டினோம். அவளும் குழந்தையும் நலம். வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. வயரிங்கில் பாதியை மாற்ற வேண்டுமாம்.

செப்டம்பர் நாலாம் தேதி வளைகாப்பு. அழைத்துப் போக நீங்கள் வருவதாகத்தான் பேச்சு. "அப்பா டிக்கெட் போட்டாச்சாமா?" என்று அபர்ணா தினமும் என்னிடம் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
லிங்கேஸ்வரன்


தென்காசி
12-8-2025

மாப்பிள்ளைக்கு,

இரண்டு தடவை வாசித்தும் பதில் பத்து வரிதானா? தேங்காய் லோடு அனுப்பினால்கூட இதைவிடப் பெரிய சீட்டு கூடவே போகும்.

நான் வருவதாக இல்லை. நீங்களே கொண்டுவந்து விடுங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவன் போய் அழைத்து வருவதுதான் முறை, எனக்கும் தெரியும். ஆனால் முதுகைக் காட்டி நின்றவர் வீட்டு வாசலில் நான் எப்படிப் போய் நிற்பேன்? ராயகிரிக்குப் போன் போட்டு உங்கள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "ஒம்ம பையன் ஓடைல வண்டி ஓட்டி எம் மகளைப் பாலைவனத்துல போட்டுட்டான், சம்பந்தி" என்றேன்.

நான் ஐந்தருவிப் பாதையில் துண்டு விற்று ஆரம்பித்தவன். முதல் வண்டி வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் நடுவழியில் நின்றிருக்குமா? கேட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்று. வண்டியை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பயணம் கிளம்பும் அன்று விடியற்காலம் பானட்டைத் தூக்கி, ஹோஸ் பிடித்து, உள்ளே இருக்கும் சேறு சகதியெல்லாம் போக வாட்டர் சர்வீஸ் பண்ணி, சந்தனப் பொட்டு வைத்துத்தான் எடுப்பேன். அவ்வளவு ஏன், சலாலா லாட்ஜில் அன்று காலை நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேனிடம் தோட்டத்து ஹோஸை வாங்கி உங்கள் காரையும் அப்படித்தான் குளிப்பாட்டினேன். மலைக்கு அந்தப் பக்கம் சலாலாவில் அடித்த சாரலில் உள்ளே அத்தனை சேறு! அரை மணி நேரம் அடித்தேன். மாமனார் இவ்வளவு செய்தும், முந்தின நாளே நீங்கள் ஓடையில் கெடுத்து வைத்திருந்தால் வண்டி எப்படி ஓடும்?

நல்லகண்ணு


மஸ்கட்
13-8-2025

மாமாவுக்கு,

இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். ராயகிரியிலிருந்து அப்பா பேசினார். "ஏலே, பிள்ளைத்தாய்ச்சிய வச்சிக்கிட்டு ஓடைல எறங்குதியே, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சால?" என்றார். என் இருபத்தொன்பது வயதில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது இல்லை. இனி பொறுக்க முடியாது.

நான் எந்த ஓடையிலும் இறங்கவில்லை, மாமா. அன்று நடுரோட்டில் பானட்டைத் தூக்கியபோது பியூஸ் பாக்ஸ் மூடி சரியாகப் பூட்டாமல் இருந்தது. உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மூடியின் மேல் நடுவில் சந்தனப் பொட்டு. யார் கை என்று எனக்குத் தெரியாதா? உங்கள் லோடு வண்டி பழைய டீசல் வண்டி. அதில் கரண்டுக்கு வேலை ஹாரனுக்கும் லைட்டுக்கும்தான். இந்தக் காரில் இன்ஜின் மூச்சு விடுவதே கரண்டில்.

வாயைத் திறந்தால் அதுதான் வரும். அபர்ணா முன்னால், அந்த வெயிலில், அவளுடைய அப்பாவைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாது என்றுதான் தள்ளிப்போய் நின்றேன். பொட்டை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் மஜீதைப் பார்க்கவிட்டேன். அவர் கேட்டதற்கு ஓடை என்று வாயில் வந்தது. இன்றுவரை அபர்ணாவுக்கும் ஓடைதான்.

உங்களுக்கு வர விருப்பம் இல்லை என்றால் வர வேண்டாம். ஆனால் முறைப்படி வந்து அழைக்காமல் என் மனைவியை நான் கொண்டுவந்து விட மாட்டேன். பிரசவம் இங்கேயே நடக்கட்டும்.

லிங்கேஸ்வரன்


தென்காசி
21-8-2025

மாப்பிள்ளைக்கு,

எட்டு நாளாக எழுதவில்லை. முதல் இரண்டு நாள் நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மகாராஜாவிடம் போனேன். "ஒரு ஆளு புதுக் கார்ல பானட்டுக்குள்ள ஹோஸ் அடிச்சிட்டான், என்னடே ஆவும்?" என்றேன். "எந்தக் கிறுக்கன் அண்ணாச்சி அது?" என்றான். டீயைக் குடித்துவிட்டு, "நாந்தாம்லே" என்றேன். அவனுக்குப் புரையேறிவிட்டது.

நேற்று ராயகிரிக்குப் பஸ்ஸில் போனேன். லோடு வண்டியைத் தொட மனம் வரவில்லை. சம்பந்தியிடம், அவர் வீட்டார் எல்லாரும் இருக்கும்போதே, ஓடையும் கிடையாது ஒன்றும் கிடையாது, உங்கள் பையன்மேல் தப்பே இல்லை, நான்தான் கெடுத்தேன், என் மகளை அந்த வெயிலில் உட்கார வைத்தவனும் நான்தான் என்று சொன்னேன். அவர் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். இன்றே உங்களைக் கூப்பிடுவார்.

ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. என்னை என்ன, வாடிப்போன வாழைக்குலை என்று நினைத்தீர்களா, துணி போட்டு மூடி வைக்க? வியாபாரத்தில் எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே என் தப்பைச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்டிருக்கிறேன், மறுவாரம் சேர்ந்து லோடு அனுப்பியிருக்கிறேன். அன்றே அந்த ரோட்டில் "நீங்கதான் கெடுத்திய" என்று கத்தியிருந்தால், நானும் கத்தியிருப்பேன், மஸ்கட் வருவதற்குள் முடிந்திருக்கும். நீங்கள் மரியாதை காட்டியதில் பத்தொன்பது நாள் போய்விட்டது.

முப்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அதற்கு முன்னால் பேசி முடிப்போம். விமான நிலையத்துக்கு அதே காரில்தான் நீங்கள் வர வேண்டும். நான் பானட்டில் கை வைக்க மாட்டேன், வெறும் துண்டுகூடப் போட மாட்டேன். நடந்ததை அபர்ணாவிடம் நான்தான் சொல்வேன், நீங்கள் முந்தக் கூடாது. பிள்ளை பிறந்து மூன்று மாதம் தென்காசியில் இருக்கும், நாலாம் மாதம் பிறந்ததும் நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன். சம்மதமா?

நல்லகண்ணு


மஸ்கட்
22-8-2025

மாமாவுக்கு வணக்கம்.

அப்பா பேசினார். "ஒம் மாமனாரு நெஞ்சுரம் உள்ள ஆளுடே" என்றார்.

வண்டி நேற்று வந்துவிட்டது. நீங்கள் கேட்ட நாலுக்கும் சம்மதம். என் பக்கம் ஒன்றே ஒன்று. இனிமேல் கோபம் வந்தால் பேனாவைத் தேட வேண்டாம். போனைப் போட்டு, மாப்பிள்ளை என்று பார்க்காமல், நேராகத் திட்டிவிடுங்கள். நானும் திருப்பிப் பேசுவேன். இதற்குச் சம்மதம் என்றால் முப்பதாம் தேதி விமான நிலைய வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
லிங்கேஸ்வரன்


தென்காசி
22-8-2025, சாயங்காலம்

ஏலே லிங்கேஸ்வரா,

அஞ்சும் சம்மதம்லே. முப்பதாம் தேதி காலைல ஒம்பதரைக்கு வண்டியோட நிக்கணும். நாலாம் தேதி இங்கன வளைகாப்பு. நாலாம் மாசம் பிள்ளை ஒங்கிட்ட. எங் கையில ஹோஸ் கெடையாது, ஒன் வாயில ஓடை கெடையாது.

மாமா