பத்து ஊசியிலும் சிவப்பு நூல்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. டீச்சர் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வந்தால், பட்டன் இன்னும் தைக்கவில்லை, நாளைக்கு என்று சொல்லுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரை எழுப்ப மனமில்லை, தனியாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். கொஞ்சம் கோபமும்தான்.

பெருங்குடலில் முளைத்து ஈரல்வரை ஊர் சுற்றப் போன கட்டிக்கு, கீமோவையும் இம்யூனோதெரபியையும் சேர்த்து ஏற்றிப் பார்க்கும் சோதனையில் இன்று நாலாவது ரவுண்டு. பக்கவிளைவுகளை எழுத ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரியில் தினமும் ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்று எழுதியதற்குத்தானே நேற்று அந்தக் கத்து கத்தினீர்கள்? “விரல் மரத்துப் போறத மறைச்சா, மருந்து என்ன பண்ணுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” சோதனையிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்று எனக்குப் பயம், வேறென்ன.

காலையில் தையல் மெஷின் டிராயரைத் திறந்தால் பத்து ஊசி, பத்திலும் நூல் கோத்திருக்கிறது! எல்லாம் சிவப்பு. சட்டை வெள்ளை, மகராசா.

டைரியைத் திருத்திவிட்டேன்: ‘ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வீட்டுக்காரர் கோத்துத் தருகிறார்.’

பி.கு.: எழுந்ததும் சட்டை, பட்டன், வெள்ளை நூலோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மருந்து ஏற நாலு மணி நேரம் ஆகும். பட்டன் தைக்க நீங்கள் கற்றுக்கொள்ள அது போதும்.